கம்பளியில் ஏறிய கறுப்பு

தம்பி,

உன் கார் சுகமாக இருக்கிறது. நீ முதலில் தேடுவது அந்தச் செய்தியைத்தான் என்பதால் அதை முதலில் சொல்லிவிட்டேன். உன் அம்மாவும் நானும் சுகமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு நீயே சொல். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போன் இருப்பது அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். அதோடு, நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் "சரிப்பா, சரிப்பா, வேலையில இருக்கேன்" என்று முடித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து படி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிக்காதே. நானும் இதை ஒரே இருப்பில் எழுதவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய்க் காரைச் சுற்றி வருகிறேன், திரும்ப வந்து எழுதியதைப் படித்தால் எரிச்சலாக வருகிறது. மூன்று தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை நீ காரைக் கொண்டுவந்து பிள்ளைக்காம்பரா சுவரோரமாக நிறுத்தி, சாவியை என் கையில் வைத்தாய். "பாருங்கப்பா, வெயில்ல நிறுத்துனா உடம்பெல்லாம் வட்ட வட்டமா கோடு தெரியுது. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கட் அன் பொலிஷ் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுக் கொழும்பு பஸ் ஏறினாய். கறுப்புக் கார். அதிலும் ஜப்பான் கார். ஹட்டனில் எத்தனையோ நிறத்தில் கார் ஓடுகிறது, உனக்குக் கறுப்புத்தான் கிடைத்ததா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அன்றிலிருந்து அதைக் காவல் காப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போகிற வாண்டுகள் தூசியில் விரலால் பெயர் எழுதப் பார்க்கின்றன. பக்கத்து லயத்து வீட்டு ஆள் ஒருவன் அக்கறையாக ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து மூடிவிட்டான். அவன் போனதும் எடுத்துவிட்டேன். தார்ப்பாய் காற்றில் ஆடினால் போதும், அந்தப் பெயிண்டில் கீறல் விழும். அவ்வளவு மெல்லிய பெயிண்ட் அது.

வியாழக்கிழமை நீ அம்மாவோடு போனில் சண்டை போட்டாய். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாப்பிள்ளை கார் மஸ்கெலியா கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மாதான் அதற்கு முதல் பொட்டு வைக்க வேண்டும் என்று நீ கேட்டிருக்கிறாய். அவள், "என் கை வேணாம்யா. உடப்புசல்லாவையில இருந்து பொண்ணோட அம்மா மாப்பிள்ளை அழைக்க வருவாங்கதானே, அவங்கள வைக்கச் சொல்லு. நான் பின்னால வேன்ல வந்துருறேன்" என்றாள். மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் அதையே சொன்னாள். கடைசியில் நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அவள்தான் சொன்னாள்: "அப்படின்னா கல்யாணத்துக்கே வராம இருந்துருங்கங்கிறான்." சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். உனக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. பெற்ற தாய் தன் மகன் காரைத் தொடமாட்டேன் என்றால் யாருக்கும் ஆத்திரம் வரும். ஆனால் நீ கோபப்பட்ட ஆள்தான் தப்பு. திட்ட வேண்டியது என்னை.

வெள்ளிக்கிழமை காலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். பொலிஷ் மெஷினைத் தொடவில்லை. கையால், பழைய வெள்ளை பனியன் துணியில் மெல்லிய பொலிஷைத் தொட்டு, இடதுபக்கப் பின்கதவில் கீழ்மூலையாகப் பார்த்துத் தேய்த்தேன். பத்துத் தடவை கை போயிருக்காது. துணியைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பு. அறுபது வயதைத் தாண்டியவன், ஒரு துணியைப் பார்த்துப் பயந்து அதைப் புல்லில் எறிந்துவிட்டுப் பிள்ளைக்காம்பரா படியில் போய் உட்கார்ந்துவிட்டேன் என்றால் நீ சிரிப்பாய். அந்தக் கறுப்பு ஏன் வந்தது என்று பிறகு சொல்கிறேன். அதே கறுப்பை இதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தாள்.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். நான் டிக்கோயா ரோட்டில் இருந்த கராஜில் பெயிண்ட் பாஸ், பெயிண்ட் வேலைக்கெல்லாம் நான்தான் மேஸ்திரி. ஹட்டனில் பெயிண்டைப் பற்றி நான் ஒன்று சொன்னால் மறு பேச்சில்லை, அந்தப் பெருமை எனக்குத் தலைக்குமேல் இருந்தது. அதுவரை நாங்கள் பார்த்த வண்டியெல்லாம் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின், தோட்டத்து லொறி, துரைமாரின் ஜீப். அவற்றுக்கு ஒரே பெயிண்ட்தான், நிறமும் பளபளப்பும் ஒன்றாகக் கலந்தது. மேலே மேலே அடித்துத் தடித்துப்போன பெயிண்ட். கரகரப்பான கொம்பவுண்ட் பசையைக் கம்பளித் துண்டில் வைத்து, ஆள் பாரம் முழுவதையும் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் பழைய தோல் போய் உள்ளே இருக்கிற நிறம் வரும். சிவப்பு வண்டியைத் தேய்த்தால் கம்பளி சிவப்பாகும், பச்சையைத் தேய்த்தால் பச்சையாகும். கம்பளியில் நிறம் ஏறினால்தான் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இருபது வருஷம் அதைப் பார்த்தே வேலை பழகியவன் நான்.

பிறகுதான் ஜப்பானில் ஓடிப் பழசான கார்கள் அங்கிருந்து கப்பலில் வர ஆரம்பித்தன. அவற்றுக்கு நிறம் அடியில், அதற்குமேல் தண்ணீர் மாதிரி ஒரு கிளியர். அந்தக் கிளியர்தான் மினுங்கும். அது எவ்வளவு மெல்லியது, எவ்வளவு மிருதுவானது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பாஸ் என்ற பெயர் என்னாவது? முதலாளி அந்த மாதம்தான் புதிதாக ஒரு பொலிஷ் மெஷின் வாங்கியிருந்தார். நல்ல மனுசன், சிங்களவர், மரக்கடை வைத்திருந்து கராஜ் போட்டவர், பெயிண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. "பாஸ், புது வாகனம் உங்களுக்கு ஏலும்தானே? ஏலாட்டி சொல்லுங்க, கண்டியில ஒரு ஆள் இருக்கார்" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஏலும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அப்படி வந்த முதல் கறுப்புக் கார் கல்விக் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்த ஐயாவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியாக, கண்ணாடி போட்டிருப்பார். பின் பம்பரில் ஒரு சின்ன நெளிவு என்று கொண்டுவந்து விட்டார். அதற்கு மறுநாள் ஆயுத பூசை. உனக்கு ஞாபகம் இருக்கும், ஆயுத பூசை என்றால் கராஜில் உன் அம்மாதான் ராணி. சுற்றுவட்டார லொறி, வேன் எல்லாம் கழுவிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கும். அவள் தட்டோடு வந்து ஒவ்வொரு வண்டிக்கும் துன்னூறு மூன்று பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பாள். "அக்கா கை வச்சா வண்டி வருஷம் பூரா வழியில நிக்காது" என்று டிரைவர்மார் காத்துக்கொண்டு நிற்பார்கள். கொழுந்து பறித்துப் பறித்து விரல் வெடிப்பெல்லாம் கறுத்துப்போன கை. அந்தக் கைக்கு வருஷத்தில் ஒருநாள் அவ்வளவு மரியாதை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவே நன்றாக இருக்கும்.

அன்று ஐயாவின் கறுப்புக் காருக்கும் முன்பக்கப் பானட்டில் மூன்று பட்டை போட்டாள். பூசை முடிந்து பொங்கல் சாப்பிட்டோம். சாரல் அடித்தது. ஐயா சாயங்காலம் கார் எடுக்க வருவார், துன்னூறு நனைந்து ஒழுகினால் அசிங்கமாக இருக்குமே என்று அவளே முந்தானையால் நன்றாக அழுத்தித் துடைத்துவிட்டாள். மற்ற வண்டிகளில் வருஷா வருஷம் அப்படித்தான் துடைப்பாள், ஒன்றும் ஆனதில்லை. நீயே யோசித்துப் பார். துன்னூறு என்பது சாம்பல்தானே. வீட்டில் குத்துவிளக்கை எதை வைத்துத் தேய்க்கிறோம்? பித்தளையைத் தேய்க்கிற சாம்பல் அந்த மெல்லிய கிளியரை விடுமா? மூன்று பட்டை இருந்த இடத்தில் மூன்று பட்டையாகவே கீறல். தலைமுடி மாதிரி, சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

இப்போது என்னிடம் அந்தக் காரைக் கொடுத்தால் வெறும் கையால், பஞ்சுத் துணியால், அரை மணி நேரத்தில் அந்தக் கீறலை எடுத்துவிடுவேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். அவள் தட்டுக் கழுவப் பின்பக்கம் போயிருந்தாள். ஐயா வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று புது மெஷினில் கம்பளியை மாட்டி, லொறிக்குப் போடுகிற கொம்பவுண்டை அள்ளி வைத்து அழுத்தினேன். கீறல் போயிற்று. ஆனால் கம்பளி போட்ட கோடு புதிதாக வந்துவிட்டது, வட்ட வட்டமாக, மங்கலாக. அந்தப் பெயிண்ட் அவ்வளவு மிருது, கம்பளியே அதைக் கீறுகிறது! நான் என்ன செய்தேன்? இன்னும் அழுத்தினேன். கம்பளி கறுப்பாகத் தொடங்கியது. மனது நிம்மதியாயிற்று தம்பி, அதுதான் கொடுமை. ஆ, நிறம் வருகிறது, வேலை பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கிளியர் போட்ட காரில் கம்பளிக்கு நிறம் வரவே கூடாது. வந்தால் கிளியரைத் தாண்டி உள்ளே போய்விட்டோம் என்று அர்த்தம். எந்த அடையாளத்தைப் பார்த்து இருபது வருஷம் வேலை செய்தேனோ, அதே அடையாளத்தைப் பார்த்து அந்தப் பானட்டை நாசமாக்கினேன். மெஷினை நிறுத்தியபோது பானட்டின் நடுவரம்பில் தீப்பெட்டி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் பிரைமர் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளியும் ஐயாவும் உள்ளே வந்தார்கள். உன் அம்மாவும் கழுவிய தட்டோடு பின்பக்கத்திலிருந்து வந்தாள். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்ன பாஸ் இது, பெயின்ற் உரிஞ்சு போய்க் கிடக்குது?" என்றார். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். கண்டி ஆள் என் கண்முன்னால் வந்து நின்றான். நான் வாயைத் திறந்தேன்: "பூசைக்குத் துன்னூறு போட்டாங்கய்யா. என் சம்சாரம் வெறுந்துணியால தொடச்சிருச்சு. இந்தப் புதுப் பெயிண்டு தாங்காதுங்க, உரிஞ்சிருச்சு. அதத்தான் சரி பண்ணிக்கிட்டு நிக்கிறேன்." முழுப்பொய் சொல்லத் தைரியம் வரவில்லை. உண்மையில் பாதியை எடுத்து அதன் தலையில் என் தப்பைத் தூக்கி வைத்தேன். பெயிண்ட் பாஸே சொல்கிறான், யார் மறுக்கப்போகிறார்கள்?

ஐயா திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் நல்லவராகப் போனதுதான் என் கேடு. "சாமி காரியம்தானே, பறவாயில்லை. அம்மாவை ஒண்டும் பேசாதேங்கோ" என்றார். முதலாளி, "கமக் நே, பரவாயில்ல, திரும்ப அடிச்சுக் குடுப்போம்" என்று அவர் தோளில் தட்டினார். விஷயம் அதோடு முடிந்தது, என் வேலையும் தப்பியது. ஆனால் உன் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பி, "தெரியாம செஞ்சிட்டேங்கய்யா, மன்னிச்சுக்கங்க" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் அந்தக் கறுத்த கம்பளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதே எழுந்து வெளியே போக வேண்டும்போல் இருக்கிறது.

போய்விட்டு வந்தேன். காருக்கு ஒன்றுமில்லை. பனி இறங்கியிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், காரணம் மட்டும் தெரியாது. டிரைவர்மார் முதலில் வேடிக்கையாகத்தான் பேசினார்கள். "அக்கா கை பட்டுப் பெயிண்டே உரிஞ்சிருச்சாம்ல" என்று சிரித்தார்கள். அந்த மழையிலேயே, அவள் பொட்டு வைத்த லொறி ஒன்று நோட்டன் பிரிட்ஜ் பாதையில் வளைவில் வழுக்கிச் சரிந்தது. ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை, டயர் தேய்ந்த வண்டி, யார் பூசை செய்திருந்தாலும் வழுக்கியிருக்கும். ஆனால் வேடிக்கை அதோடு நின்றது. காலையில் கொழுந்து வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்கும்போது பொம்பளைகள் குசுகுசுத்தார்கள். அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளை பெரியவளான சடங்கில் ஆரத்தித் தட்டை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, "நீங்க உக்காருங்கக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவளும் மரியாதையாக உட்கார்ந்தாள். அன்றிலிருந்து யார் வீட்டு நல்ல காரியத்திலும் அவள் முன்னால் வந்ததில்லை. அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் நின்றுகொள்வாள். "எனக்குக் கைராசி இல்லைங்க" என்று அவளே சொல்லப் பழகிவிட்டாள். பதினைந்து வருஷம்.

நீ ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, குழாயடியில் அத்தனை பேர் நிற்க, "ஏம்ப்பா, அம்மா கை பட்டாப் பெயிண்டு உரியுமா?" என்று கேட்டாய். நான் உன் கன்னத்தில் அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அம்மாவை மரியாதையில்லாமல் பேசியதற்கு அடித்தேன் என்று எல்லாரும் நினைத்தார்கள், நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அன்று ராத்திரி, "இனிமே அப்படிக் கேக்க மாட்டேன்ப்பா" என்று நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். ஆக என் வீட்டில் என் தப்புக்கு இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டாயிற்று. நான்தான் பாக்கி. உன்னிடம் இப்போது கேட்கிறேன். அடித்தது தப்புடா, மகனே. நீ கேட்டது சரியான கேள்வி, அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் அடித்தேன்.

அந்தக் காருக்குப் பிறகு நான் வேலையை மறுபடி முதலிலிருந்து பழகினேன். கண்டிக்குப் போய், முதலாளி சொன்ன அந்த ஆளிடமே கைகட்டி நின்று கேட்டேன். எந்தக் கார் வந்தாலும் கண்ணில் படாத மூலையில், ஆக மெல்லிய பொலிஷில், ஆக மென்மையான துணியில் கையளவு இடம் தேய்த்துப் பார்ப்பேன். கோடு போய்விட்டால் அதோடு சரி. போகாவிட்டால்தான் அடுத்த படி. ஒரு துரையின் ஜெர்மன் கார் வந்தது. காலையிலிருந்து மத்தியானம் வரை தேய்த்தும் கோடு அசையவில்லை, கருங்கல் மாதிரி நின்றது. அதே வாரம் வந்த ஜப்பான் காரில் துணியைச் சும்மா இழுத்தாலே கோடு விழுந்தது. இரண்டும் கறுப்புத்தான், கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் மினுங்கும். தொட்டு வேலை செய்தால்தான் எது எப்படி என்று தெரியும். ஒரே காரில்கூட ஒரு கதவு இன்னொரு கதவு மாதிரி இருக்காது. நம்ம ஊர்க் குளிரில் அடித்த பெயிண்ட் காய்ந்து இறுகுவதற்கே வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் தேய்த்தால் வழித்துக்கொண்டு வரும். உன் காரின் இடதுபக்கப் பின்கதவும் அந்தக் கதைதான். அது எங்கோ இடிபட்டு, யாரோ ஒரு அவசரக்காரன் கிளியர் இல்லாமல் பழைய மாதிரிப் பெயிண்ட் அடித்து விட்டிருக்கிறான். அதனால்தான் துணியில் கறுப்பு வந்தது. விற்றவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். இதை நான் கண்டுபிடித்தது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை முழுவதும் மறுபடியும் கிளியரைத் தாண்டிவிட்டேன் என்றுதான் கிடந்தேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, வரப்போகிறவளையும் இப்படி மெல்லத் தேய்த்துப் பார்த்து நடந்துகொள் என்று நான் முடிப்பேன் என்று நினைப்பாய். அந்த மாதிரிப் பேச்சு எனக்கு வராது. காருக்குக் கண்ணில் படாத மூலை இருக்கிறது, அங்கே தேய்த்துப் பார்க்கலாம். மனுசருக்கு அப்படி ஒரு மூலை கிடையாது, எங்கே பட்டாலும் படும். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் சொல்லலாம் என்று வைத்தால், மறுநாள் இரண்டு தப்பாகிவிடும். நான் அன்றே சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். போனால் போகிறது, லொறி கழுவியாவது பிழைத்திருப்பேன்.

இதுவரை எழுதிய பிறகு உன்னிடம் ஒன்று கேட்பதாக இருந்தேன். நீ வரும்போது இதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு, நான் சொன்னால் தாங்கமாட்டாள் என்று ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். தூ என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. அன்றைக்கு அவள்மேல் தூக்கி வைத்தேன், இன்றைக்கு உன்மேல் தூக்கி வைக்கப் பார்க்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன். உன் கல்யாணத்துக்கு எடுத்துவைக்கக் குத்துவிளக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, அந்தக் கந்தோர் ஐயா காரு பெயிண்ட உரிச்சது நீ இல்ல. நாந்தான்" என்றேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "என்னா சொல்றீங்க?" என்றாள். "நீ தொடச்சதுல லேசாக் கீறல்தான் விழுந்திச்சு. நான் மெசினப் போட்டு அழுத்தி உரிச்சிட்டேன். பயத்துல உன் பேரச் சொல்லிட்டேன்." "அந்தக் கீறலு போயிருக்குமா?" என்று கேட்டாள். "போயிருக்கும். கையால தேச்சிருந்தா அரை மணி நேரம்." "அரை மணி நேரம்" என்றாள். பிறகு விளக்கைக் கீழே வைத்தாள். "நான் அந்த ஐயாவக் கும்புட்டு நின்னேனே. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?" ஆமாம் என்றேன். கையைக் கழுவிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுகிறாளோ என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் போய்ப் பேச ஒரு வழி இருந்திருக்கும்.

மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. தேத்தண்ணி ஒரு கோப்பைதான் ஊற்றினாள், தனக்கு மட்டும். சோறு மூடி இருக்கும், எடுத்துப் போட்டுத் தின்ன வேண்டும். நான் பாட்டுக்கு உன் காரைக் கையால் தேய்த்தேன். பானட், கூரை, வலதுபக்கம் எல்லாம் முடித்தேன். துணி கடைசிவரைக்கும் வெள்ளையாகவே இருந்தது. நேற்று சாயங்காலம் அவள் வாசலுக்கு வந்து நின்று, "எங்கிட்ட மட்டும் சொல்லி என்னா பிரயோசனம்? என் கையில இருந்து தட்ட வாங்குனாங்களே, அவங்களுக்கு யாரு சொல்றது?" என்றாள். "நான் சொல்றேன்" என்றேன். "எல்லாருக்கும் முன்னால சொல்லணும். பொண்ணு வீட்டு ஆளுங்களும் கேக்கணும். அதுக்கப்புறம் கைய வைக்கிறதா வேணாமான்னு நான் யோசிக்கிறேன்." யோசிக்கிறேன் என்றுதான் சொன்னாள், வைக்கிறேன் என்று சொல்லவில்லை.

ஆகவே தம்பி, கல்யாணத்தன்று கார் கிளம்புவதற்கு முன்னால் எனக்கு ஐந்து நிமிஷம் கொடு. மேளக்காரரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல். சம்பந்தி வீட்டார் முன்னால் இது என்ன கூத்து என்று உனக்குக் கூச்சமாக இருக்கலாம், மாப்பிள்ளையின் அப்பன் இப்படிப்பட்டவனா என்று அவர்கள் நினைக்கலாம். நினைக்கட்டும். என்னைத் தடுக்காதே. துணியால் தேய்க்கும்போதெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன், பாதியில் விட்டுவிட்டுப் பொலிஷ் டப்பாவைத் தேடப் போய்விடுகிறேன். அன்று நான் பாதியில் நின்றுவிட்டால் மீதியை நீ சொல்லக் கூடாது. நின்று, மூச்சு வாங்கி, நானே சொல்லி முடிக்கிறேன். அதற்கு முன்னால் நீ செய்ய வேண்டியது ஒன்று. இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் போடு. வராமல் இருந்துவிடு என்று சொன்னாயே, அதற்கு மன்னிப்புக் கேள். அது உன் தப்பு, அதை நான் சுமக்க முடியாது. வேண்டியதைப் பேசு, ஆனால் பொட்டு வைக்கச் சொல்லி மட்டும் கெஞ்சாதே.

கடிதத்தை நேற்றே மூடியிருந்தேன். இப்போது பிரித்து எழுதுகிறேன். இன்று காலையில் நான் காரிடம் நின்றபோது உன் அம்மா இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள். பானட்டில் தன் முகம் தெரிவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கோப்பையை மதில்மேல் வைத்துவிட்டு, வலது கையை விரித்து முழுசாகப் பானட்டின்மேல் வைத்தாள். கை படக்கூடாது, அழுக்கு ஏறும் என்று பழக்கத்தில் சொல்ல வாயெடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் கையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்து, "உரியலியே?" என்று கேட்டாள்.

"உரியல" என்றேன்.

ஐந்து விரலும் அப்படியே பதிந்து தெரிகிறது. நீ வரும்வரை அதை நான் துடைக்கப் போவதில்லை.

அப்பா